இடது மட்காட்

வாங்கும்போது அதற்குத் தரை இல்லை.
சாரதி இருக்கையில் உட்கார்ந்தால்
ஓட்டமாவடி மண்ணில் என் செருப்புப் பட்டது.
செலிக்கா, எழுபத்து நாலு, இரட்டைக் காபரேட்டர்.
கோழித்தீன் மூட்டைகளுக்கும் உடைந்த உழவு மெஷினுக்கும் நடுவே
தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.
கதவின் உட்பலகையில் வெள்ளம் நின்ற கோடு.
விற்றவர் எனக்குப் பின்னால் தேடிப் பார்த்துக் கேட்டார்:
"ஓட்டப்போறவர் வரல்லியா?"

கல்லடியில் இரும்பு வைத்திருப்பது
சீனிப் போத்தலைத் திறந்துவைத்து
எறும்போடு பேரம் பேசுவது.
கிழக்கே கடல், மேற்கே வாவி,
இடையில் என் கராஜ்:
நாலு தகரம், ஒரு டியூப்லைட்,
ஒழுகும் மூலையில் கியர்பெட்டிக்கு மட்டும் ஒரு குடை.

பகலில் மின்சார சபையில் பட்டியல் தட்டுவேன்.
ஆறரைக்குப் பிறகு
சுரிதாரின் மேல் தம்பியின் பழைய சேட்டு.
பத்தாம் நம்பர் ஸ்பானர் எப்போதும் காணாமல் போகும்.
எட்டும் பன்னிரண்டும் வைத்த இடத்திலேயே இருக்கும்,
யாரும் கூப்பிடாத சாட்சிகள் மாதிரி.

கையேட்டில் எல்லாப் போல்ட்டும் கழன்று வருகின்றன.
என்னுடையது வரவில்லை.
டீசல் ஊற்றி ஓர் இரவு விட்டேன்.
சூடு காட்டினேன்.
கெட்ட வார்த்தை சொன்னேன்.
பிறகு மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.
தலை மட்டும் கையோடு வந்தது.

காத்தான்குடி ஜெஸீல்
லொறி அச்சொன்றிலிருந்து எனக்கு ஒரு புஷ் கடைந்து தந்தான்.
காசு வாங்கினான். ரசீதும் தந்தான்.
அவன் பட்டறையில்தான் இடது மட்காட்டை உரசினோம்:
மேலே வெள்ளை,
அதன் கீழ் பச்சை,
அதன் கீழ் விரல் தடிப்பில் பட்டி,
பட்டியின் கீழ்
மூன்று இருபத்தைந்து சதக் குற்றிகள்,
பித்தளை உருக்கி ஒட்டியவை.
ஆண்டு தேய்ந்து
பத்தொன்பது மட்டும் மீதி.

ஜெஸீல் டோச் லைட்டைக் கிட்டப் பிடித்தான்.
"இது துரு திண்ட ஓட்ட இல்ல புள்ள.
துரு இவ்வளவு வட்டமாத் தின்னாது."
லைட்டை அணைத்தான்.
எதிர்க்கடையில் யாரோ ஐஸ் உடைத்தார்கள்.

எந்த ரோட்டில் என்று நான் கேட்கவில்லை.
இடது பக்கத்து இருக்கையின் துணியை
போன கிழமைதான் கிழித்து எறிந்திருந்தேன்,
கறை போகாது என்று.

புது மட்காட் ஒசாகாவிலிருந்து வந்து
கட்டிலுக்குக் கீழே கிடந்தது.
இரண்டு மாதச் சம்பளம்.
"வெட்டட்டா?" என்றான்.
"பிரைமர் அடி" என்றேன்.

டியூனிங் நானே செய்தேன்.
ரப்பர் குழாயின் ஒரு முனை காபரேட்டர் வாயில்,
மறுமுனை என் காதில்.
இரண்டும் ஒரே சுதியில் மூச்சிழுக்கும்வரை
ஸ்குரூவைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு.
துடுப்பைத் தண்ணீரில் விட்டுக்
காம்பில் காதை வைத்து
மீன் பாடுவதைக் கேட்பார்களாமே, அதுபோலவா
என்று வேலியால் எட்டிப் பார்த்த தயாநிதி ரீச்சர் கேட்டார்.
மீன் எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.
இது கேட்டது.
முதலாவது கொஞ்சம் கூட, இரண்டாவது கொஞ்சம் குறைய,
பிறகு, அதிகாலை இரண்டு மணிபோல,
எது எதுவென்று தெரியாமல்.

முதல் ஓட்டத்தில் பாலத்தடியில் பொலிஸ் மறித்தது.
சைலன்சர் சத்தத்துக்குத் தண்டம் எழுதிவிட்டு
அந்த ஆள் செம்மஞ்சள் பெயின்டில் கையை ஓட்டினார்,
மாட்டை விலை பேசுகிறவர் மாதிரி.
இடது பக்கம் வந்ததும் கை நின்றது.
மூன்று சின்ன மேடுகள்.
"என்ன இது, பட்டி ஒழுங்காப் போடல்லியா?"
"ஓம் சேர்" என்றேன். "போடல்ல."

இரண்டாம் கியர் இன்னும் கரகரக்கிறது.
அது அடுத்த சம்பளத்துக்கு.
மட்காட் ஒன்று விலைக்கு இருக்கிறது,
இடது பக்கம், பெட்டி பிரிக்காதது.
ஆளிருந்தால் சொல்லுங்கள்.